கொடை வேண்டாம், பங்கைக் கொடு

இதழ் இரண்டு மாதம் தாமதம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அச்சுக்கென்று வைத்திருந்த பணம் எங்கள் சேரி இரவுப்பள்ளியின் கூரைக்குப் போய்விட்டது. சந்தா கட்டிய தோழர்கள் திட்டலாம். அதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

மூன்று வருஷமாகப் பள்ளி நடக்கிறது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஆறு பேர் முறைவைத்துப் பாடம் சொல்லித் தருகிறார்கள். சம்பளம் கிடையாது. போன மழையில் கூரை இறங்கிவிட்டது. உதவி கேட்டு அலைந்தேன். நகரத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று ஷீட் போட்டுத் தருவதாகச் சொன்னது. இரண்டே நிபந்தனை. பிள்ளைகளைக் கிழிந்த சட்டையோடு நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். சுவரிலிருக்கும் அம்பேத்கர் படத்தை நாங்கள் கழற்ற வேண்டும். "அரசியல் வேண்டாமே சார்" என்றார்கள்.

எனக்குச் சபலம் தட்டியது. மறைக்கவில்லை. பிள்ளைகள் நனையும்போது கொள்கை பேசுவது லேசல்ல. சேரிக் கூட்டத்தில் விஷயத்தை வைத்தேன். நடவுக்குப் போய்விட்டு வந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். "அவரு படத்த எடுத்துட்டு அந்த எடத்துல யாரு படத்த மாட்டுவ தம்பி?" அதோடு முடிவாகிவிட்டது. மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. அதை விற்றுக் கீற்றும் மூங்கிலும் வாங்கினோம். வேலை நம்ம கையே. பற்றாததை இதழ்ப் பணம் அடைத்தது.

அதே கூட்டத்தில் எங்களுக்கும் உதை விழுந்தது. "ராத்திரி எட்டு மணிக்குப் பொம்பளப் புள்ளைங்க இருட்டுல எப்படி வரும்? எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?" விடுதலை பேசும் நாங்கள் மூன்று வருஷமாக இதை யோசிக்கவே இல்லை. நேரத்தை ஆறு மணியாக்கினோம். கிராமசபையில் தெருவிளக்குக்கு மனு வைத்தோம். விளக்கு இன்னும் வரவில்லை. அடுத்த கிராமசபையிலும் கேட்போம்.

1924இல் அம்பேத்கர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, அடுத்த ஆண்டே சோலாப்பூரில் நம் மாணவர்களுக்கு விடுதி திறந்தது. நம் கல்வியை நாமே எடுத்து நடத்துவது நேற்று வந்த பழக்கமல்ல. ஆனால் பிடி அரிசியைக் காட்டி அரசு தப்பித்துக்கொள்ள விடமுடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் நாம் 20 சதவீதம். மக்கள்தொகைக்கேற்ற நிதி என்பது சிறப்புக் கூறுத் திட்டமாக 1979லிருந்து பேசப்படுவது. 2024இல் தமிழகத்தில் சட்டமாகவும் ஆகிவிட்டது. நம் ஒன்றியத்துக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது? 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். அது பிச்சையல்ல, பாக்கி.

மாணவத் தோழர்களே, ஒருநாள் வந்து தெருவைக் கூட்டிவிட்டுப் படம் எடுத்துப் போகாதீர்கள். எங்கள் தெருவைக் கூட்ட எங்களுக்குத் தெரியும். ஊர்த் தெருவையும் நாங்கள்தானே கூட்டுகிறோம். வாரத்தில் ஒரு மாலை, ஒரு வருஷம் முழுக்க வாருங்கள். சாதி இந்து நண்பர்களுக்கு அவர்கள் ஊரிலேயே வேலை கிடக்கிறது. கோயில் வாசலிலும் சுடுகாட்டுப் பாதையிலும் நின்று சொந்தக்காரர்களிடம் பேசட்டும். படித்து உத்தியோகத்துக்குப் போன நம்மவர்கள் மாதத்தில் ஒருநாள் சம்பளத்தைச் சேரிக்குத் திருப்புங்கள். முகவரி சொல்லத் தேவையில்லை. நீங்கள் பிறந்த தெருதான்.

அடுத்த இதழ் நேரத்துக்கு வரும். கூரை நின்றால்.

ஜெய்பீம்.