திரைக்கு முன்னும் பின்னும்

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளை ஒட்டிய தெரு ஒன்றில் மாலைநேரப் பள்ளி நடக்கிறது. தோல் தொழிலாளர், பூட்டுப் பட்டறைக்காரர் ஆகியோரின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். ஆசிரியைகள் இருவர்; ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம். அதை நடத்தும் அறக்கட்டளையின் குழுவில் அடியேனும் ஒருவன். ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்க அமர்ந்தபோது, 'வெளிநாட்டுப் பயணம்' என்ற தலைப்பின்கீழ் ஒரே வரியில் 3,40,000 ரூபாய் நின்றது. பள்ளிக்கு நிதி வேண்டி ஜெர்மனி சென்று திரும்பிய பொறுப்பாளரின் விமானக் கட்டணம் அது. வணிக வகுப்பு, மக்கள் வழக்கில் 'பிசினஸ் கிளாஸ்'. அதே விமானத்தில் சாதாரண வகுப்பில் போயிருந்தால் 85,000 ரூபாயோடு முடிந்திருக்கும். மிச்சமாகியிருக்கக்கூடிய 2,55,000 ரூபாய், இரு ஆசிரியைகளுக்கும் ஈராண்டுக்கு மேலான ஊதியம்!

நான் கையெழுத்திட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதில் மூத்தவரை, பலருக்கு நன்மை செய்தவரை, கூட்டத்தில் வைத்துக் கேள்வி கேட்பது எப்படி என்ற தயக்கம். அதற்கு மரியாதை என்று பெயர் சூட்டிக்கொண்டேன்.

அந்தப் பணம் எதை வாங்குகிறது? 1979-இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் இவ்வகுப்புக்கு வழிதிறந்ததாகச் சொல்வர். முதல் வகுப்புக்கும் சாதாரண வகுப்புக்கும் நடுவே ஓர் அகன்ற இருக்கை, அவ்வளவே. 2000-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அந்த இருக்கையை முழுதும் படுக்கையாக மாற்றியது. 2012-இல் ஏர் இந்தியா வாங்கத் தொடங்கிய டிரீம்லைனர் விமானங்களில் முன்பகுதியில் 18 பேர், பின்பகுதியில் 238 பேர். முன்னே வரிசைக்கு ஆறு இருக்கைகள், பின்னே ஒன்பது. இடையில் ஒரு திரை. வளைகுடாவுக்குச் செவிலியராகவும் கட்டடத் தொழிலாளராகவும் செல்லும் நம் மக்கள் அமர்வது அத்திரைக்குப் பின்னேதான்.

சொந்தப் பணத்தில் செல்பவரோடு எனக்கு வழக்கில்லை. முழங்கால் தேய்ந்த தாயை அமெரிக்காவுக்கு அழைக்கும் மகன் அவளுக்குப் படுக்கை இருக்கை வாங்கிக் கொடுத்தால், அவனை வாழ்த்துவேன். (அவ்விருக்கை அடைக்கும் இடத்தைக் கணக்கிட்டால் அதன் கரிமச் சுமை சாதாரண இருக்கையைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு என்று 2013-இல் உலக வங்கியின் ஆய்வொன்று மதிப்பிட்டது. மழையை நம்பி வாழும் நம் சமவெளிக்காரர் அதையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.) என் வழக்கெல்லாம் பிறர் பணத்தைப் பற்றியது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களும் தவக்காலத்தில் தம் செலவைக் குறைத்து உண்டியலில் இடும் காணிக்கை அது. இந்தப் பிள்ளைகளின் நோட்டுக்கென்று கொடுத்ததை, கேட்கச் சென்றவரின் கால் நீட்டலுக்குச் செலவிடுவது எந்த நியாயம்?

பொறுப்பாளரிடம் பிறகு தனியே பேசினேன். மூன்று காரணங்கள் சொன்னார். முதலாவது, நிறுவனத்தின் மதிப்பு. இறங்கும் பயணி எந்த இருக்கையிலிருந்து எழுந்தார் என்று நன்கொடையாளர் விமானத்துக்குள் வந்தா பார்க்கிறார்? அறிந்தால்தான் மதிப்புக் குறையும். இரண்டாவது, சட்டம். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 2020-இன் திருத்தம் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. இச்செலவு அதற்குள் அடங்கிவிட்டது என்றார். அடங்கியது உண்மை. ஆனால் சட்டம் வரம்பைத்தான் சொல்கிறது. அதை நிரப்பியே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. மூன்றாவது, முதுகுவலி. இதற்கு மட்டும் என்னிடம் பதிலில்லை. பத்து மணிநேரம் ஒடுங்கி அமர்வது அறுபதைக் கடந்தவருக்குத் துன்பமே. ஆயினும் அதைப் புறப்படுமுன் குழுவிடம் சொல்லியிருந்தால் இசைந்திருப்போம். அல்லது இளையவர் ஒருவரை அனுப்பியிருப்போம். சொல்லாமல் போனதுதான் நெருடுகிறது.

'அப்படியானால் எல்லாரும் எளிமை வேடம் போடுங்கள்' என்பார் சிலர். 2009 செப்டம்பரில் மத்திய அரசு சிக்கனம் அறிவித்தபோது அந்த வேடத்தையும் நாடு பார்த்தது. தலைவர்கள் சாதாரண வகுப்பில் ஏறியது செய்தியாயிற்று. அமைச்சர் சசி தரூர் அதை 'மாட்டு வகுப்பு' என்று எழுதிப் பின்னர் வருத்தம் தெரிவித்தார். மக்கள் சினந்தது வேடிக்கைச் சொல்லுக்காக அன்று. தாம் அன்றாடம் அமரும் இடம் மேலிருப்பவருக்கு எப்படித் தெரிகிறது என்பது வெளிப்பட்டதற்காக. காந்தியடிகளின் வழி வேறு. மூன்றாம் வகுப்பில் ஏறியவர், அங்கு கண்ட அழுக்கையும் நெரிசலையும் 1917-இல் எழுதி வெளியிட்டார். அவர் பெயரால் 1947-இல் காந்திகிராமம் எழுந்த மண்ணில் இருந்துகொண்டு இதை மறக்கலாமா?

திரை வெறும் துணிதானே என்று அலட்சியம் செய்யவும் எனக்கு மனமில்லை. வடக்கன்குளம் கோயிலில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நின்ற தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டபோது, அதை மீண்டும் எழுப்பவேண்டி வழக்குத் தொடுத்தவர்கள் நம்மவரே. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. பிறப்பால் வரும் பிரிவும் பணத்தால் வரும் பிரிவும் ஒன்றல்ல. பணத்தின் திரையை யாரும் விலை கொடுத்துத் தாண்டலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்னிருக்கை கிடைத்தவனுக்கு உள்ளே எழும் இதம் இரண்டிலும் ஒன்றுதான். யாக்கோபின் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தில் பேசுவதும் இருக்கையைப் பற்றியே; செல்வருக்கு எங்கே, ஏழைக்கு எங்கே என்பதைப் பற்றியே.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். கணக்கில் கையெழுத்திட்ட அதே அமர்வில், ஆசிரியைகள் மாதம் 500 ரூபாய் உயர்வு கேட்டு எழுதிய விண்ணப்பமும் வந்தது. இருவருக்கும் ஆண்டுக்கு 12,000 ரூபாய். 'நிதி நிலைமை சீரானபின் பரிசீலிக்கப்படும்' என்று தீர்மானம் எழுதினோம். அதன்கீழும் என் கையெழுத்து இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதை மீண்டும் எடுக்கவும், வெளிநாட்டுப் பயணச்சீட்டுகள் குழுவின் முன்னொப்புதல் பெற்றே வாங்கப்படவும் கோரி, கடிதம் கொடுத்துவிட்டேன்.