அந்தியூர் குதிரைச் சந்தை: மினுமினுப்பை நம்பி வாங்கலாமா? முடி வெட்டுவதில் எது சரி, எது தப்பு?

ஆடி மாதம் வந்தால் கொங்கு மண்டலத்தில் குதிரைப் பிரியர்களின் கால்கள் தானாக அந்தியூர் பக்கம் திரும்பும். ஈரோடு மாவட்டம் அந்தியூர் புதுப்பாளையத்தில் உள்ள குருநாதசாமி கோயிலின் தேர்த்திருவிழாவை ஒட்டி நடக்கும் குதிரை, மாட்டுச் சந்தை அவ்வளவு பிரபலம். திப்பு சுல்தான் தன் படைக்குக் குதிரை வாங்கிய சந்தை இது என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். இன்று மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை நிற நுக்ரா, நாட்டுக்குதிரை என்று பல ரகங்களை இங்கே பார்க்கலாம்.

எண்ணெய் தடவிய உடம்பு, ஒட்ட வெட்டிய பிடரி, மழுமழுவென்று மழித்த முகம். "எப்படி மின்னுது பாருங்க!" என்று சொல்லாத விற்பனையாளர் இல்லை. அந்த மினுமினுப்புக்கும் குதிரையின் ஆரோக்கியத்துக்கும் உண்மையில் என்ன சம்பந்தம்?

22 லட்சம் ரூபாய் பாடம்

2022 ஏப்ரலில் பஞ்சாபிலிருந்து ஒரு செய்தி வந்தது. சங்ரூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர், உயர்ரகக் கறுப்புக் குதிரை என்று நம்பி 22 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு குதிரையை வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டியதும் கறுப்பு கரைந்தது. உள்ளே இருந்தது பழுப்புக் குதிரை. விஷயம் போலீஸ் வரை போனது.

கேட்கும்போது சிரிப்பாக இருக்கும். ஆனால் நிறம், சுழி, முடி ஆகியவற்றை வைத்து விலை பேசும் எந்தச் சந்தையிலும் இது நடக்கலாம். சுழி என்பது ஓர் இடத்தில் முடி சுற்றி வளரும் அமைப்பு. அது முடியின் வேரிலேயே தீர்மானமாகிவிடும், மாற்ற முடியாது. ஆனால் அந்த இடத்தை ஒட்டச் சிரைத்தால், முடி திரும்ப வளரும் வரை சுழி கண்ணுக்குப் பிடிபடாது.

குதிரைக்கு முடி வெட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

குளிர் நாடுகளிலிருந்து. குதிரையின் முடி வளர்ச்சியை முக்கியமாக முடிவு செய்வது பகல் பொழுதின் நீளம். லண்டனில் குளிர்காலப் பகல் சுமார் 8 மணி நேரம். கோடையில் 16 மணி நேரத்துக்கும் மேல். பகல் சுருங்கச் சுருங்க அங்கே குதிரைக்கு அடர்ந்த முடி வளரும். அந்த முடியோடு ஓடி வியர்த்தால் உடம்பு காய வெகுநேரம் ஆகும், சளி பிடிக்குமோ என்ற பயமும் உண்டு. அதனால்தான் மிஷின் போட்டு வெட்டுகிறார்கள். வெட்டிய பிறகு மேலே கம்பளி போர்த்துகிறார்கள்.

கோவை இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கே. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே சுமார் 80 நிமிடம்தான் வித்தியாசம். நம்ம ஊர்க் குதிரைக்கு முடி பெரும்பாலும் குட்டையாகவே இருக்கும். உடம்பு முழுக்க வெட்டவேண்டிய தேவை அநேகமாக இல்லை. வயதான குதிரைக்கு முடி உதிராமல் நீளமாக வளர்ந்துகொண்டே போனால் அது ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். அப்போது கூப்பிடவேண்டியது கால்நடை மருத்துவரை.

வெட்டினால் பளபளப்பு கூடுமா?

கூடாது, பெரும்பாலும் குறையும். ஒட்ட வெட்டிய உடம்பு வெளிறித் தெரியும். பளபளப்பைத் தருவது தோலில் ஊறும் இயற்கையான எண்ணெய்ப் பசை. தினமும் ரப்பர் சீப்பால் வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்பி, பிறகு மென்மையான பிரஷ்ஷால் முடி போகும் திசையில் இழுத்தால் அந்தப் பசை முடி நுனி வரை பரவும். மேலே தடவும் எண்ணெய் ஒரு நாள் மினுக்கும். மறுநாள் புழுதியை இழுத்துப் பிடிக்கும். அடிக்கடி ஷாம்பூ போட்டால் இருக்கிற பசையும் போய்விடும்.

தீவனம் சரியில்லை, குடற்புழு இருக்கிறது என்றால் எவ்வளவு தேய்த்தாலும் முடி மங்கலாகத்தான் கிடக்கும்.

எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது?

பிடரியைச் சீராக்குவது, காதுக்குப் பின்னால் தலைக்கயிறு உட்காரும் இடத்தில் கொஞ்சம் குறைப்பது, குளம்புக்கு மேல் தொங்கும் முடியை ஒழுங்குபடுத்துவது ஆகியவற்றில் பிரச்சினை இல்லை.

தொடக்கூடாதது வாயையும் கண்ணையும் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் மீசை முடி. குதிரைக்குத் தன் மூக்கு நுனிக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. தொட்டித் தண்ணீர், தீவனம், முள், கம்பி எல்லாவற்றையும் பக்கத்தில் போய் உணர்வது இந்த முடியால்தான். அதன் வேரைச் சுற்றி நரம்புகள் அடர்ந்திருக்கின்றன. முகம் 'நீட்'டாகத் தெரிய வேண்டும் என்று அதை மழிப்பது, இருட்டில் தடவி நடப்பவரின் கைத்தடியைப் பிடுங்குவது மாதிரி.

சர்வதேச குதிரையேற்ற சம்மேளனம் 2021 ஜூலை 1 முதல், இந்த முடி வெட்டப்பட்ட குதிரை தன் போட்டிகளில் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி போட்டுவிட்டது. வலியைத் தவிர்க்க மருத்துவரே அகற்றியிருந்தால் மட்டும் விலக்கு.

காதின் உள்முடி பூச்சியையும் தூசியையும் தடுக்கிறது. ஈ விரட்ட வால் வேண்டும். வெள்ளைக் குதிரைகளில் பலவற்றுக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல். ஒட்டச் சிரைத்தால் வெயிலில் வெந்துவிடும்.

நம்ம ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் மீசை முடி பற்றி தனியாக எதுவும் இல்லை. பொதுவான வதைக்கு முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய். இன்றைக்கு ஒரு டீ, வடைக் காசு. சந்தைக்கு வரும் குதிரைக்குச் சர்வதேசப் போட்டி விதியும் பொருந்தாது. ஆகவே, மழித்த முகத்துக்கு விலை கொடுப்பதா, வேண்டாமா என்பது வாங்குபவர் கையில்தான் இருக்கிறது. வாங்குபவர் "முகத்துல ஏனுங்க சிரைச்சீங்க?" என்று கேட்க ஆரம்பித்தால் வழக்கம் தானாக மாறும்.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

* முடியைப் பிரித்து வேரைப் பாருங்கள். வெயிலில் வெளுத்த கறுப்புக் குதிரைக்கு நுனிதான் பழுப்பாகும். நுனி கறுப்பாகவும் வேர் பழுப்பாகவும் இருந்தால் சாயமாக இருக்கலாம்.
* வயதைக் குறைத்துக் காட்டப் பல்லை அராவும் மோசடி உண்டு. 2017-ல் மத்திய அரசு வெளியிட்ட கால்நடைச் சந்தை விதிகளின் தடைப் பட்டியலில் இதுவும் இருந்தது. பல்லை மருத்துவரிடம் காட்டுங்கள்.
* தோலில் கட்டி, ஆறாத புண், மூக்கில் சளி இருந்தால் விலகி நில்லுங்கள். குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோயின் அறிகுறியாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனைச் சான்று கேளுங்கள்.
* பிரஷ், சீப்பு, கிளிப்பர் எதையும் இரவல் வாங்காதீர்கள். படர்தாமரை அதன் வழியே ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்கும், உங்கள் கைக்கும் வரும்.

சந்தையில் எண்ணெய் பூசாத குதிரை ஒன்று ஓரமாக நிற்கலாம். மீசை முடியோடு, கொஞ்சம் புழுதியோடு. அதையும் ஒரு தடவை கையால் தடவிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.