துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு சட்டம் பேசுவோர்

ஐக்கிய அமெரிக்காவில் எடுக்கப்படும் ஒருவகைக் காணொளிகளை எமது பிரதேச இளைஞர்கள் பலர் கைத்தொலைபேசியில் விரும்பிப் பார்க்கின்றார்கள். அவை யாவும் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஒருவர் நீண்ட துவக்கொன்றைத் தோளில் தொங்கவிட்டபடி கடைத்தெருவிலோ பொலிஸ் நிலையத்தின் முன்பாகவோ நடந்து செல்வார். அவரது கையில் அல்லது கூட்டாளியின் கையில் ஒளிப்பதிவுக் கருவி இருக்கும். யாரேனும் பதற்றப்பட்டுப் பொலிஸாருக்கு அறிவிப்பார்கள். பொலிஸார் வந்து பெயரையும் காரணத்தையும் கேட்பார்கள். உடனே இவர் சட்டப் பிரிவுகளை ஒப்புவிக்கத் தொடங்குவார். நான் குற்றம் எதனையும் செய்யவில்லை, பெயர் சொல்லும் கடப்பாடு எனக்கில்லை, என்னைத் தடுத்து வைத்திருக்கின்றீரா இல்லையா என்று குரலை உயர்த்துவார். பொலிஸார் தடுமாறினால் இவருக்கு வெற்றி. கை வைத்துவிட்டால் அதனிலும் பெரிய வெற்றி. வழக்குத் தொடுத்து நட்டஈடும் கேட்கலாம்.

இவ்வாறான காணொளியொன்றை எனக்குக் காட்டிய பேசாலை இளைஞர் ஒருவர், "ஐயா, எங்கட பொலிஸிட்ட இப்பிடி ஒருக்காக் கதைக்க ஏலுமா? இதுதானே உண்மையான ஜனநாயகம்?" என்று கேட்டார். அக்கேள்வியின் முற்பாதி நியாயமானது. பிற்பாதியைப் பற்றியே இங்கு எழுத நினைக்கின்றேன்.

முதலில் அந்நாட்டின் சட்டநிலை. 1791 இல் நிறைவேறிய இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகின்றது. அது தனிமனிதரின் உரிமையே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்தது. துவக்கைப் பிறர் காணும்படி எடுத்துச் செல்லலாமா என்பதை மாநிலங்கள் தத்தமது சட்டங்களால் ஒழுங்குபடுத்துகின்றன. பெரும்பாலானவை ஏதோவொரு வகையில் அனுமதிக்கின்றன. ரெக்சாஸ் மாநிலத்தில் நீண்ட துவக்குகளுக்கு நெடுங்காலமாகத் தடையில்லை. 2016 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அனுமதிப்பத்திரம் உடையோர் கைத்துப்பாக்கியையும் இடுப்பில் தெரியும்படி கொண்டு செல்லலாம் என்றாயிற்று. 2021 இல் அந்த அனுமதிப்பத்திரமும் அவசியமற்றதாகியது.

ஆகவே தெருவில் துவக்குடன் நடப்பவர் பல இடங்களில் சட்டத்தை மீறுபவர் அல்லர். ஆனால், பன்றி வேட்டைக்குப் போகிறவரும் திருடனுக்கு அஞ்சித் துவக்கு வைத்திருப்பவரும் ஒரு கூட்டம். பொலிஸாரைச் சீண்டிப் பார்ப்பதற்கென்றே துவக்கை எடுத்து வருபவர் இன்னொரு கூட்டம். 2017 பெப்ரவரியில் மிச்சிகன் மாநிலத்தின் டியர்போர்ன் நகரப் பொலிஸ் நிலையத்துக்குள் இருவர் நுழைந்தனர். ஒருவர் முகத்தை மறைத்து, மார்புக் கவசம் அணிந்து, நீண்ட துவக்கும் வைத்திருந்தார். மற்றவர் அதனை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தார். தங்களைப் பொலிஸார் வழியில் மறித்தது பற்றி முறைப்பாடு செய்யவே வந்தோம் என்றார்கள். முறைப்பாடு எழுதப் பேனை போதாதா? பொலிஸார் துப்பாக்கிகளை நீட்டி, ஆயுதத்தைக் கீழே போடுமாறு கத்துவதை அந்தக் காணொளியில் கேட்கலாம். எவரது விரலாவது ஓர் அங்குலம் நழுவியிருந்தால் அந்த அறையில் எத்தனை பிணங்கள் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நிற்க. இந்த வழக்கத்தின் வரலாறு பலருக்குத் தெரியாது. பொலிஸாரின் முன்பாகத் துவக்கை வெளிப்படையாக ஏந்திச் சட்டம் பேசுவதை ஓர் அரசியல் முறையாக அந்நாட்டில் பிரபலப்படுத்தியவர்கள் இன்றைய வலதுசாரிகள் அல்லர். 1966 இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஹியூய் நியூட்டனும் பொபி சீலும் தொடக்கிய கறுப்புச் சிறுத்தைகள் கட்சியினரே அவர்கள். பொலிஸார் கறுப்பினத்தவரை மறித்துச் சோதிக்கும் இடங்களுக்குத் துவக்குகளுடனும் சட்டப் புத்தகங்களுடனும் சென்று, சட்டம் அனுமதித்த தூரத்தில் நின்று, நடப்பதைக் கண்காணித்தார்கள். அன்றைய கலிபோர்னியச் சட்டப்படி அது குற்றமாகாது. பொலிஸாரின் அடாவடியை அன்றாடம் அனுபவித்த ஒரு சமூகத்தின் எதிர்வினை அது என்பதையும் மறுக்க இயலாது.

அதன் விளைவு என்ன? 1967 மே 2 ஆம் திகதி அக்கட்சியினர் முப்பது பேரளவில் ஆயுதங்களுடன் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே, பொது இடத்தில் குண்டு நிரப்பிய துவக்குடன் நடமாடுவதைத் தடைசெய்யும் முல்போர்ட் சட்டத்தில் ஆளுநர் ரொனால்ட் றேகன் கையொப்பமிட்டார். துவக்குரிமையின் காவலராகப் பின்னாளில் கொண்டாடப்பட்ட அதே றேகன்தான். தேசிய றைபிள் சங்கமும் அந்தச் சட்டத்தை ஆதரித்தது. 2020 ஏப்ரல் 30 ஆம் திகதி மிச்சிகன் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள், கொரோனாக் கட்டுப்பாடுகளை எதிர்த்து, பெரும்பாலும் வெள்ளையரான ஆயுததாரிகள் புகுந்து நின்றபோது இப்படியொரு அவசரம் எவரிடமும் காணப்படவில்லை. துவக்கு ஒன்றே, தோள்தான் வேறு.

இதற்குமேல் விளக்கம் வேண்டுவோர் ஜோன் குரோபர்ட்டின் முடிவைப் பாருங்கள். 2014 ஓகஸ்ட் 5 ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்தில், வோல்மார்ட் கடையின் தட்டிலிருந்து விற்பனைக்கு வைக்கப்பட்ட காற்றுத் துவக்கொன்றைக் கையிலெடுத்துக்கொண்டு தொலைபேசியில் பேசியபடி நின்ற 22 வயதுக் கறுப்பின இளைஞர் அவர். பொலிஸார் வந்த சில கணங்களில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உண்மையான துவக்கையே வெளிப்படையாக ஏந்தலாம் என்கின்ற மாநிலம் அது. 2016 ஜூலை 6 ஆம் திகதி மினசோட்டாவில் பிலாண்டோ கஸ்ரீலின் காரைப் பொலிஸார் மறித்தனர். தன்னிடம் துவக்கு இருக்கின்றது என்று அவராகவே மரியாதையுடன் அறிவித்தார். அனுமதிப்பத்திரமும் அவரிடம் இருந்தது. ஏழு தோட்டாக்கள் சுடப்பட்டன. காரினுள் ஒரு சிறுமியும் இருந்தாள். நான் அஞ்சினேன் என்று அந்தப் பொலிஸ் அலுவலர் கூறினார். அடுத்த ஆண்டில் ஜூரிகள் அவரைக் குற்றவாளியல்லர் என்று விடுவித்தார்கள்.

எனவே, காணொளி எடுப்பவர் தமது உரிமையைப் பரீட்சிக்கின்றார் என்பதை நான் ஏற்கமாட்டேன். பெறுபேறு முன்கூட்டியே தெரிந்த பரீட்சைக்கே அவர் தோற்றுகின்றார். தம்மைச் சுடமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு. அந்த நம்பிக்கை இல்லாத தோற்றத்துடன் பிறந்தவர்கள் அதே தெருவில்தான் நடக்கின்றார்கள். துவக்கைக் கண்டு பதறிப் பழகிய பொலிஸார் அடுத்து அவர்களைத்தான் சந்திக்கின்றார்கள்.

டலஸ் நகரில் நடந்ததும் இங்கு நினைவுகூரத் தக்கது. 2016 ஜூலை 7 ஆம் திகதி, பொலிஸாரின் கொலைகளைக் கண்டித்து நடந்த ஊர்வலத்தில் இருபது, முப்பது பேர் துவக்குகளை வெளிப்படையாக ஏந்தி வந்திருந்தனர். அவ்வேளையில் வேறொருவன் மறைந்திருந்து சுட்டதில் ஐந்து பொலிஸார் உயிரிழந்தனர். யார் சுடுகின்றான், யார் சும்மா ஏந்தியிருக்கின்றான் என்று எவருக்கும் தெரியவில்லை. ஊர்வலத்தில் துவக்குடன் வந்த அப்பாவி ஒருவரின் படத்தைச் சந்தேகநபர் என்று பொலிஸாரே வெளியிட்டுவிட்டார்கள். அவர் தமது ஆயுதத்தைப் பொலிஸ் அலுவலர் ஒருவரிடம் ஒப்படைத்துத் தப்பினார். அந்நகரப் பொலிஸ் தலைவராக அன்றிருந்த டேவிட் பிரவுண் ஒரு கறுப்பினத்தவர். நல்லவர் யார், கெட்டவர் யார் என்பதை அந்தச் சூழலில் பிரித்தறிவது கடினம் என்று அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்.

அமெரிக்க விவகாரத்தை மன்னாரிலிருந்து எதற்காக எழுதுகின்றாய் என்று கேட்பீர்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை இக்கரையோர மக்களைக் காட்டிலும் நன்கறிந்தவர் எவர்? 1984 டிசெம்பர் 4 ஆம் திகதி மன்னார் வீதியில் இராணுவ வாகனத் தொடரொன்று தாக்கப்பட்டது. தாக்கியவர்கள் போய்விட்டார்கள். பின்னர் படையினர் எதிரில் கண்டவர்களையெல்லாம் சுட்டனர். பஸ்ஸில் பயணம் செய்தவர்கள், வயலில் நின்றவர்கள், முருங்கன் தபாலகத்தில் கடமையிலிருந்த ஊழியர்கள் என நூற்றுக்கும் மேற்பட்டோர் அன்று கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகின்றது. அடுத்த மாதம், 1985 ஜனவரியில், வங்காலைப் பங்குத் தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் தமது ஆலய வளவிலேயே கொல்லப்பட்டார். நான் அப்போது பாடசாலை மாணவன். சைக்கிளில் போன அப்பா மாலையில் திரும்பி வரும்வரை அம்மா படலையிலேயே நின்ற நாட்கள் அவை.

2006 ஜூன் 17 ஆம் திகதி பேசாலைக் கடலில் மோதல் நடந்தது. கரையில் மீனவர்கள் கொல்லப்பட்டனர். மக்கள் தஞ்சமடைந்திருந்த வெற்றி மாதா ஆலயத்துக்குள் கைக்குண்டு வீசப்பட்டதில் பெண்ணொருவர் உயிரிழந்தார். மக்கள் கடற்படையினரைக் குற்றஞ்சாட்டினார்கள், அரசதரப்பு மறுத்தது. அந்த இளைஞரின் ஊரில்தான் இதுவும் நடந்தது. அவர் அப்போது கைக்குழந்தையாக இருந்திருப்பார்.

போரும் காணொளி விளையாட்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கணக்கு மாத்திரம் இரண்டுக்கும் பொது. துவக்கைத் தூக்கியவன் தனக்கு வசதியான நேரத்தையும் இடத்தையும் தெரிவு செய்கின்றான். சீருடைக்காரனின் ஆத்திரமும் அச்சமும் இறங்குவதோ அந்த நேரத்தையும் இடத்தையும் தெரிவு செய்யாத ஒருவனின் தலையில். படையினர் செய்ததற்குப் படையினரே பொறுப்பு. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் சீண்டினால் என்ன நடக்கும் என்று தெரிந்தே சீண்டுபவனுக்கு அதில் பங்கே இல்லை என்று கூறவும் என்னால் இயலாது.

2002 பெப்ரவரி 22 ஆம் திகதி கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையை வரைந்தவர்கள் இதனை உணர்ந்திருந்தார்கள். அரச கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு அரசியல் பணிக்காக வரும் விடுதலைப் புலி உறுப்பினர்கள் ஆயுதமின்றியே வரவேண்டும் என்றும், துணை ஆயுதக் குழுக்களின் ஆயுதங்கள் களையப்படவேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. எதிரெதிரான இரு துவக்குகள் ஒரே சந்தியில் தெரியக்கூடாது என்பதே அதன் உட்பொருள். உடன்படிக்கை எப்படிச் சிதைந்தது என்பது வேறு கதை.

எமது நாட்டில் துவக்கை ஊரறியக் காட்டித் திரியச் சாதாரண குடிமகனுக்கு வழியில்லை. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் கேட்கின்றது. அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மாந்தை மேற்கிலும் மடுப் பக்கத்திலும் யானைக்கும் பன்றிக்கும் பயிரைப் பறிகொடுக்கின்ற விவசாயி நேர்வழியில் ஒரு சொட்கன் பெறுவதற்குள் களைத்துவிடுவான். அதனால்தான் இடியனும் கட்டுத்துவக்கும் காட்டோரங்களில் ஒழியவில்லை. 2024 இன் இறுதியில் அனுமதிபெற்ற தனிநபர் துவக்குகளையும் மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. எனினும், 2025 ஜனவரி 16 ஆம் திகதி மன்னார் நீதிமன்றத்தின் முன்பாக மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றதை அந்தக் கெடுபிடியால் தடுக்க முடியவில்லை. இங்கே துவக்கு ஒளிந்தே வருகின்றது.

இனி அந்த இளைஞரின் கேள்வியின் முற்பாதி. எந்தச் சட்டத்தின் கீழ் என்னை மறிக்கின்றீர் என்று பொலிஸாரிடம் கேட்கும் உரிமை எமக்கும் உண்டு. கைதாகும் எவருக்கும் காரணம் அறிவிக்கப்படவேண்டும் என்று 1978 அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை சொல்கின்றது. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும் அதனை ஏட்டுச் சுரைக்காய் ஆக்கிவிட்டிருந்தன. தள்ளாடிச் சோதனைச்சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்த எமது தலைமுறையில் எவரும் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டதில்லை. இன்றைய பிள்ளைகள் கேட்கத் துணிவது மகிழ்ச்சிக்குரியது. அமெரிக்கக் காணொளியில் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டென்றால் அந்தக் கேள்விதான். துவக்கு அந்தக் கேள்விக்குப் பலம் சேர்க்கவில்லை, அதைக் கெடுத்துவிட்டது. கஸ்ரீலைக் கொன்றவரைக் காப்பாற்றிய சொல் எது? அச்சம். எதிரில் நிற்பவனிடம் துவக்கு இருந்தால் அந்தச் சொல்லைத் தேடிப் பிடிக்கும் சிரமமும் பொலிஸாருக்கு இல்லை.

2025 செப்டெம்பர் இறுதியில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிக்கொண்டு மன்னார்த் தீவுக்குள் வந்த வாகனங்களை மக்கள் இரவில் வீதியில் நின்று மறித்தனர். பெண்களும் குருமாரும் அங்கிருந்தனர். பொலிஸார் பலவந்தமாக அவர்களை அகற்றினர்; சிலர் காயமடைந்தனர். மறுவாரம் ஊர் கடையடைத்தது. காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பதில் எம்மவரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். எனக்கும் சில ஐயங்கள் உண்டு. ஆயினும் அந்த இரவைப் பற்றிப் பொலிஸ் தரப்பு எத்தனை விளக்கம் அளித்தாலும், நாங்கள் அஞ்சினோம் என்ற ஒன்றை மாத்திரம் சொல்ல முடியாது. செபமாலையும் கைத்தொலைபேசியும் வைத்திருந்தவர்களைக் கண்டு அஞ்சினோம் என்று எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்வார்கள்? பலத்தைப் பயன்படுத்தும்படி கட்டளையிட்டவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ் என்ற கேள்வியை அன்று அங்கு நின்றவர்கள் எழுத்திலே கேட்டு, பதிலையும் எழுத்திலே பெறவேண்டும். 2016 இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கின்றது. விண்ணப்பப் படிவத்தை அந்த இளைஞருக்கு நானே நிரப்பிக் கொடுக்க ஆயத்தமாக உள்ளேன்.