ரான் என்றொரு வேட்பாளர்

இங்கிலாந்தில் ரான் என்று ஒருத்தர் இருக்கிறார். பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தல் என்றால் போதும், வருஷா வருஷம் நின்றுவிடுவார். ஒரு பதவிக்கு அல்ல, அத்தனை பதவிக்கும்! போஸ்டர் கிடையாது, கும்பிடு கிடையாது, டீச் செலவு கூடக் கிடையாது. ஆள் யார் என்று ரொம்பத் தேட வேண்டாம். 'ரீ-ஓப்பன் நாமினேஷன்ஸ்' என்பதன் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ஐயா ரெடி.

நம்ம நோட்டாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக் கொள்ளுங்களேன். ஆனால் அண்ணனுக்குப் பவர் ஜாஸ்தி. 2024-இல் இந்தூர் தொகுதியில் நோட்டா இரண்டு லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கியும் ஒன்றும் ஆகவில்லை. முதலாவதாக வந்திருந்தால்கூட ஆகியிருக்காது. ரான் ஜெயித்தாலோ, நின்றவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மனுத் தாக்கலே மறுபடி முதலிலிருந்து.

இந்த மகானுபாவர் எனக்கு அறிமுகமானது ஒரு நடுராத்திரியில், யூடியூப் நேரடி ஒளிபரப்பில். அங்கே சாயங்காலம் எட்டு மணி என்றால் நமக்கு ராத்திரி ஒன்றரை. வீட்டில் எல்லாரும் கிரிக்கெட் என்று நினைத்துக் கொண்டு தூங்கிவிட்டார்கள்.

மாணவர்களே நடத்தும் டி.வி. அங்கே நேற்று முளைத்த சமாசாரம் அல்ல. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1964-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். யார்க்கில் 1967. நம்ம சென்னைத் தொலைக்காட்சி வந்தது 1975-இல்! இந்த நிலையங்களுக்கெல்லாம் வருஷத்தின் தீபாவளி, தேர்தல் முடிவு ராத்திரிதான். கேமராவைப் பிடித்திருப்பவன் எஞ்சினியரிங் மூன்றாம் வருஷம். கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக் கொண்டு மைக்கோடு நிற்கிறவள் பாலிடிக்ஸ் இரண்டாம் வருஷம். சம்பளம்? பீட்சா கிடைத்தால் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. ஓட்டுப் போடுவது ஆன்லைனில். எண்ணுவதற்குக் கம்ப்யூட்டருக்கு ஆகும் நேரம் ஒரு தும்மல். அப்புறம் எதற்கு ராத்திரி பூரா ஒளிபரப்பு? 'அவன் விதியை மீறிப் பிரசாரம் பண்ணினான்', 'இவள் அதிகம் செலவழித்தாள்' என்று வந்த புகார்களைத் தீர்த்த பிறகுதான் அறிவிப்பு. அதையும் பதவி பதவியாக, சுற்று சுற்றாக மேடையில் வாசிப்பார்கள். அதுவரை அந்தக் கோட்டுப் பெண் பேசியாக வேண்டும். பேசினாள். நாற்பது நிமிஷம்! கடைசியில் விஷயம் தீர்ந்துபோய்ப் பின்னால் கட்டியிருந்த பலூன்களைப் பற்றிப் பேசினாள். நம்ம சேனல்களில் எண்ணிக்கை நாளன்று நடப்பதும் ஏறக்குறைய இதுதானே? இங்கே பலூன் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் சுற்று ஆரம்பித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே ஆளுக்கு முத்திரை குத்தும் முறை இல்லை அது. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, பிறகு 3. யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசி ஆள் அவுட். அவருக்கு விழுந்த ஓட்டுக்களில் 2 யாருக்கோ அவர் பக்கம் போய்விடும். மறுபடி கூட்டல், மறுபடி ஓர் அவுட். பி.காம் படித்தவனுக்கு இது வெல்லக்கட்டி! ஒரு கணக்கை மூடி, பாக்கியை மற்ற கணக்குகளுக்கு மாற்றும் ஜர்னல் என்ட்ரிதானே? 2 போடாமல் விட்ட ஓட்டு வாராக்கடன். ரைட் ஆஃப்.

நமக்கும் இது புதுசு இல்லை. ஜனாதிபதியை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். 1969-இல் முதல் விருப்ப ஓட்டில் வி.வி. கிரிக்கும் பாதி வரவில்லை, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கும் வரவில்லை. அடுத்த விருப்பங்களைச் சேர்த்த பிறகு கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. அதை நேரடியாகக் காட்ட ஒரு காலேஜ் டி.வி. இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

யார்க்கில் 2008-இல் நடந்தது இன்னும் ஜோர். மொழியியல் படித்த டாம் ஸ்காட், 'மேட் கேப்டன் டாம்' என்று கடற்கொள்ளைக்காரன் வேஷத்தில் தலைவர் பதவிக்கு நின்றார். சும்மா தமாஷுக்கு. ஜெயித்துத் தொலைத்துவிட்டார்! அது சம்பளத்தோடு ஒரு வருஷ முழுநேர வேலை. வேஷத்தைக் கலைத்துவிட்டு நிர்வாகம் பண்ண வேண்டியதாயிற்று. 2010 பொதுத் தேர்தலில் லண்டனில் அதே வேஷத்தில் நின்றார். 84 ஓட்டு. பிற்பாடு யூடியூபில் உலகமே பார்க்கும் ஆசாமி ஆகிவிட்டார்.

வேலை என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் எனக்கு நெருடியது. நிறையப் பேருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் சம்பளமாக இருக்கும். அன்றைக்கு நான் பார்த்ததில், மூன்று சுற்று முன்னணியில் இருந்த பையன் நாலாவது சுற்றில் மிகச் சில ஓட்டில் போய்விட்டான். இருபது, இருபத்தொன்று வயசிருக்கும். இன்டர்வியூ முடிவுத் தபாலை நாமெல்லாம் மொட்டை மாடியில் தனியாகப் பிரித்துப் படித்தோம். இவனுக்கு அது மேடையிலிருந்து மைக்கில் வருகிறது, எதிரே கேமரா.

அந்தக் கேமராக்காரன் நினைத்திருந்தால் முகத்தை நெருக்கத்தில் காட்டியிருக்கலாம். பெரிய சேனல் என்றால் காட்டியிருப்பார்கள், பின்னணியில் வயலினும் அழுதிருக்கும். இவன் காட்டவில்லை. கேமராவை மெல்லப் பின்னுக்கு இழுத்து மொத்த ஹாலையும் காட்டினான். ஜெயித்தவளைக் கட்டிப் பிடித்துக் கத்தும் கூட்டம். ஓர் ஓரத்தில், அடையாளம் தெரியாத அளவில், இவன்.

பத்து நிமிஷம் கழித்து அவனே மைக் முன்னால் வந்தான். எல்லா நாட்டு டி.வி.யிலும் கேட்கும் அந்த அசட்டுக் கேள்வியைக் கோட்டுப் பெண்ணும் கேட்டாள்: இப்போது எப்படி உணர்கிறீர்கள்?

திங்கள்கிழமைக்குள் ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும், இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை என்றான். தனக்கும் அதே கட்டுரைதான் என்றாள் அவள். அப்புறம் இரண்டு பேரும் கேமராவை மறந்துவிட்டு, லைப்ரரி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.