முழுசாகப் பார்க்க ஒரு ஆள் இல்லையே!

என் அக்கா மகனுக்கு ‘அந்தாஸ் அப்னா அப்னா’ இந்திப் படத்தின் வசனங்கள் தலைகீழ்ப் பாடம். கிரைம் மாஸ்டர் கோகோ மாதிரி குரலை மாற்றிப் பேசிக் காட்டுவான். படத்தை மட்டும் பார்த்ததில்லை. அத்தனையும் ரீல்ஸில் பொறுக்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை பிடித்து உட்கார வைத்தேன். பத்து நிமிஷம் ஆகவில்லை. “மாமா, கோகோ எப்ப வருவான்?”

“இன்னும் நேரம் இருக்குடா, பொறு.”

அவன் பொறுக்கவில்லை. ரிமோட்டை எடுத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது.

ஓட்டித் தள்ளிய அந்த நேரத்தில்தானே படமே இருக்கிறது! முடிதிருத்துபவர் மகன் அமராக ஆமிர் கான், தையற்காரர் மகன் பிரேமாக சல்மான் கான். லண்டனிலிருந்து வந்திருக்கும் கோடீஸ்வரப் பெண்ணை எப்படியாவது கட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று இரண்டு பேரும் கிளம்புகிறார்கள். ஒருவன் நினைவு தப்பியவனாக நடித்து அந்த வீட்டுக்குள் நுழைகிறான். மற்றவன் அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராக வந்து சேர்கிறான். அவன் புளுகன் என்று இவனுக்குத் தெரியும், இவன் புளுகன் என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் தன் குட்டும் உடைந்துவிடும். அந்தத் தவிப்பை அவர்களோடு உட்கார்ந்து அனுபவித்தால்தான் சிரிப்பு வரும். முப்பது விநாடித் துண்டில் அது எங்கிருந்து வரும்?

பரேஷ் ராவலுக்கு இரட்டை வேடம். நல்லவர் ராம்கோபால், கெட்டவன் தேஜா. யார் எவர் என்று தெரிவதற்காக ஒரு அடையாளக் குறி வைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் அந்தக் குறியே எல்லோரையும் குழப்புகிறது. அந்தக் குறியைப் பற்றிய வசனத்தைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான் பையன். “எதுக்குடா அந்தக் குறி?” என்றேன். தெரியவில்லை. வெடியை வைத்தவனை விட்டுவிட்டு சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறான்.

‘காயல்’, ‘தாமினி’ என்று கனமான படங்கள் எடுத்த ராஜ்குமார் சந்தோஷி, 1994 நவம்பரில் இதைக் கொடுத்தபோது படம் ஓடவில்லை. பிறகு வீடியோ கேசட்டிலும் டிவியிலும் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் ஜனங்கள் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி தியேட்டருக்கும் வந்தது. முழுசாகப் பார்த்தவர்கள் காப்பாற்றிய படம் அது. இப்போது அதைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்துக்கொண்டு, பார்த்தாகிவிட்டது என்கிறோம்.

அவன் ஓட்டிய வேகத்தில் ஒரு முகம் மின்னி மறைந்தது. “யாரு மாமா அந்தத் தாத்தா?” என்றான்.

மெஹ்மூத். வாஹ் வாஹ் புரொடக்சன்ஸ் முதலாளியாகக் கொஞ்ச நேரம் வருவார். அந்தப் பெயர் 1966-இல் வந்த ‘பியார் கியே ஜா’விலிருந்து வருகிறது. அதில் சினிமா எடுக்கத் துடிக்கும் மகன் அவர்தான். அந்தப் படமோ நம் ஸ்ரீதர் தன் ‘காதலிக்க நேரமில்லை’யைத் தானே இந்தியில் எடுத்தது. ஓஹோ புரொடக்சன்ஸ் செல்லப்பாவாக நாகேஷ் பேய்க் கதை சொல்ல, பாலையா நடுங்குவாரே, அந்த வீட்டுச் சொத்துதான் முப்பது வருஷம் கழித்து இந்தப் படத்தில் எட்டிப் பார்க்கிறது. அங்கேயும் கதை சொல்பவர் பாதி என்றால், கேட்கிறவர் முகம் மீதி. பாலையா முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுவதைப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் நாகேஷும் வீண்.

இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரையில் கோகோ வந்துவிட்டான். பையன் அவனோடு சேர்ந்து வசனம் பேச ஆரம்பித்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் வருவான். மறுபடி முதலிலிருந்து போடப்போகிறேன். ரிமோட் என் மடியில் இருக்கும்.