ஜன்னலைச் சாத்தினால் குழி மூடிவிடுமா?

விமானத்தில் ஜன்னல் சீட்டுக்கு எக்ஸ்ட்ரா காசு கட்டுகிறோம். எதற்கு? றெக்கை தெரிகிற மாதிரி ஒரு படம், பஞ்சு மேகம் ஒன்று, ஃபேஸ்புக்கில் நாலு லைக். கீழே கிடக்கிற ஊரை யாரும் எடுப்பதில்லை. எடுக்கவேண்டும் என்று அரசாங்கமும் ஆசைப்பட்டதில்லை.

வெள்ளைக்காரன் காலத்து 1937 விமான விதிகளில் 13ஆவது விதி, பறக்கிற விமானத்திலிருந்து அனுமதியில்லாமல் படம் எடுக்கக்கூடாது என்றது. சுதந்திரம் வந்தும் விதி நகரவில்லை. 2004-ல்தான் பயணிகள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் மனமிரங்கியது. 2020 செப்டம்பரில் ஒரு நடிகை வந்த விமானத்துக்குள் டி.வி.காரர்கள் முட்டி மோதினார்கள். உடனே, இனி விதியை மீறி யாராவது படம் எடுத்தால் அந்த ரூட்டில் விமானத்தையே இரண்டு வாரம் நிறுத்துவோம் என்று உத்தரவு. மறுநாளே, பயணிகள் எடுக்கலாம் என்று விளக்கம்! 2025 மே மாதம், ராணுவ விமான தளங்களில் ஏறி இறங்கும்போது ஜன்னல் திரையையே இழுத்து மூடச் சொன்னார்கள்.

விமானப்படைத் தளத்தை எடுக்காதே என்பது நியாயம். ஆனால் மேலிருந்து பார்த்தாலே ரகசியம் போச்சு என்கிற புத்தி எதற்கு? 2005-ல் கூகுள் எர்த் வந்தபோது ஜனாதிபதி கலாமே கவலைப்பட்டார். 2021-ல் மத்திய அரசே வரைபட விதிகளைத் தளர்த்தி, உலகம் முழுக்கக் கிடைப்பதை இந்தியருக்கு மட்டும் மறைப்பதில் அர்த்தமில்லை என்று ஒப்புக்கொண்டது.

"அதான் செயற்கைக்கோள் படம் இருக்கே, உன் செல்போன் படம் எதுக்கு?" என்பீர்கள். நேர் மேலேயிருந்து எடுத்த படத்தில் குன்றும் குழியும் தட்டையாகத் தெரியும். ஜன்னலிலிருந்து சாய்வாகப் பார்த்தால்தான் உயரமும் ஆழமும் புரியும்.

பெங்களூரிலிருந்து தெற்கே போகிற விமானத்தில், வானம் தெளிவாக இருந்து பாதையும் ஒத்துவந்தால், கொஞ்சம் குனிந்து பாருங்கள். பெலந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் எந்த வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது, அந்த ஆறு எப்படி ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது என்பதைக் கண்ணாலேயே தொடரலாம். அணையில் நுரை பொங்கும்போது இரண்டு மாநில அதிகாரிகளும் எதிரெதிரே கையைக் காட்டுவார்களே, அந்தப் பஞ்சாயத்துக்கு இது ஒரு சாட்சி. அப்புறம் சிப்காட் கூரைகள், ரோஜாவுக்கான பசுமைக்குடில்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் போகப் போக, குன்று இருந்த இடத்தில் படி படியாக வெட்டிய கிரானைட் குழிகள். ரோட்டில் போகிறவனுக்கு அவை தெரியாது. மண்மேடும் கேட்டும்தான் தெரியும்.

2024 ஜூன் 27 அன்று முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பேர் வந்துபோகும் விமான நிலையம் என்று அறிவித்தார். வரட்டும். ஆனால் ஓடுபாதை போடுகிற இடத்தில் ஏரி இருந்ததா, வாய்க்கால் இருந்ததா, எவன் காடு கழனி இருந்தது என்று பத்து வருஷம் கழித்து யார் சொல்வது? "அங்கே பொட்டல்தான் இருந்துச்சு" என்று ஃபைல் சொல்லும். ஃபைலை மறுத்துப் பேச உங்கள் கையில் ஒரு படமாவது வேண்டாமா?

பெரிய வித்தை இல்லை. றெக்கையை விட்டுத் தள்ளி சீட் எடுங்கள். வெயில் அடிக்காத பக்கம் நல்லது. செல்போனை ஜன்னலை ஒட்டிப் பிடியுங்கள். தேதி, நேரம், எந்த விமானம் என்று எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே வழியில் போனால் மறுபடி எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மேகம் எங்கேயும் ஓடிவிடாது சார். குன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, லாரியில்.