மின்சாரமும் பெட்ரோலும்: இரண்டு கார்களில் எது நல்லது?

மின்சாரத்திலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும். அப்படி ஒரு கார் இருக்கிறது. அதற்கு "பிளக்-இன் ஹைபிரிட்" என்று பெயர்.

இந்தக் காரில் ஒரு பெரிய பாட்டரி உண்டு. பெட்ரோல் என்ஜினும் உண்டு. இரவில் காரை வீட்டில் நிறுத்தி, பிளக்கில் வயரைச் செருகிவிட வேண்டும். பாட்டரியில் மின்சாரம் ஏறும். காலையில் கார் மின்சாரத்தில் கிளம்பும். பாட்டரி தீர்ந்ததும் பெட்ரோல் என்ஜின் வேலை செய்யத் தொடங்கும். நடு வழியில் நின்றுவிடுமோ என்ற கவலை இல்லை.

இந்த வகைக் கார்களில் அமெரிக்காவில் பெயர் பெற்றவை இரண்டு. ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் "செவர்லே வோல்ட்". மற்றொன்று, ஜப்பான் நாட்டு டொயோட்டா கம்பெனியின் "பிரையஸ் பிரைம்". 2017-ம் ஆண்டு மாடலில் இரண்டும் நேருக்கு நேர் போட்டியிட்டன. இன்றும் அங்கே பழைய கார் வாங்கும் குடும்பங்கள் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

எது நல்லது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாட்டரி யாருக்குப் பெரிது?

வோல்ட்டின் பாட்டரி 18.4 யூனிட் மின்சாரம் கொள்ளும். நம் வீட்டு மீட்டரில் ஓடுகிறதே, அதே யூனிட்தான். பிரைம் காரின் பாட்டரி கொள்வது 8.8 யூனிட். பாதிக்கும் குறைவு.

அமெரிக்க அரசாங்கத்தின் சோதனைப்படி, வோல்ட் மின்சாரத்தில் மட்டும் 85 கிலோமீட்டர் ஓடும். பிரைம் 40 கிலோமீட்டர் ஓடும்.

ஆனால், பெட்ரோலில் ஓடும்போது நிலைமை தலைகீழாகிறது. பிரைம் ஒரு லிட்டருக்கு 23 கிலோமீட்டர் கொடுக்கும். வோல்ட் 18 கிலோமீட்டர்தான் கொடுக்கும்.

ஆக, மின்சாரத்தில் வோல்ட் கெட்டிக்காரன். பெட்ரோலில் பிரைம் சிக்கனக்காரன்.

மூன்று குடும்பங்கள்

மூன்று குடும்பங்களை நினைத்துக்கொள்வோம்.

முதல் குடும்பத்தின் கார் தினம் 30 கிலோமீட்டர் ஓடுகிறது. பள்ளிக்கூடம், கடை, அலுவலகம், அவ்வளவுதான். எந்தக் காராக இருந்தாலும் பெட்ரோல் செலவு இல்லை. அப்படியிருக்க, பெரிய பாட்டரிக்கு ஏன் அதிக விலை கொடுக்க வேண்டும்? அவர்களுக்குப் பிரைம் போதும்.

இரண்டாவது குடும்பம் தினம் 70 கிலோமீட்டர் ஓட்டுகிறது. வோல்ட்டில் போனால் ஒரு சொட்டுப் பெட்ரோல் வேண்டாம். பிரைம் காரில் கடைசி 30 கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட வேண்டும். அதற்கு 1.3 லிட்டர் ஆகும். வருஷத்தில் 250 நாள் ஓட்டினால் 325 லிட்டர்!

மூன்றாவது குடும்பம் அடிக்கடி 300 கிலோமீட்டர் தூரம் போய்வருகிறது. வோல்ட்டுக்கு 12 லிட்டர் பிடிக்கும். பிரைமுக்கு 11.3 லிட்டர் போதும். ஒரே ஓட்டத்தில் சுமார் 240 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களுக்குப் பிரைம்தான் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும்.

பெட்ரோல் மிச்சம், பணம் மிச்சமா?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பெட்ரோல் மிச்சமானால் பணமும் மிச்சம் என்று சொல்லிவிட முடியாது. மின்சாரத்துக்கும் பில் வருகிறதே!

மின்சாரத்தில் 100 கிலோமீட்டர் ஓட, பிரைமுக்கு சுமார் 16 யூனிட் போதும். வோல்ட்டுக்கு 19 யூனிட் வேண்டும். 70 கிலோமீட்டர் ஓட்டும் அந்த இரண்டாவது குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். வோல்ட் வைத்திருந்தால் தினம் 1.3 லிட்டர் பெட்ரோல் மிச்சம். ஆனால், 7 யூனிட் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும்.

வாஷிங்டன் மாநிலத்தில் நீர்மின்சாரம் மலிவு. அங்கே வோல்ட்டுக்காரருக்குக் கையில் காசு நிற்கும். மின்சாரக் கட்டணம் உயர்ந்த ஊரில் அந்த லாபம் கரைந்துவிடும். ஆகவே, கார் வாங்குவதற்கு முன் மின்சார பில்லையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரவு போதுமா?

வீட்டிலுள்ள சாதாரண பிளக்கில் பிரைமின் பாட்டரி நிரம்ப ஐந்தரை மணி நேரம் ஆகும். படுக்கப் போகும்போது செருகினால், எழுந்திருக்கும்போது தயார். வோல்ட்டுக்குச் சுமார் 13 மணி நேரம் வேண்டும். இரவு 8 மணிக்கு வந்து காலை 6 மணிக்குக் கிளம்புகிறவருக்கு அது முழுதாக நிரம்பாது. 240 வோல்ட் மின்சார இணைப்பு வைத்தால் நாலரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அந்த இணைப்பு வைக்கத் தனிச் செலவு.

இடமும் குளிரும்

2017-ம் ஆண்டு பிரைம் காரில் நாலு பேர்தான் உட்காரலாம். 2020-ம் ஆண்டு மாடலில்தான் ஐந்தாவது இடம் வந்தது. வோல்ட்டில் ஐந்து இடம் உண்டு. ஆனால், நடுவில் பாட்டரி மேடு போல நிற்பதால், பின் ஸீட்டில் நடுவில் உட்காருகிறவருக்குக் கால் நீட்ட முடியாது. மூட்டை முடிச்சு வைக்கப் பிரைமில்தான் இடம் அதிகம்.

குளிர் காலத்தில் இரண்டுமே மின்சாரத்தில் ஓடும் தூரம் குறையும். காருக்குள் சூடு உண்டாக்கவும் பாட்டரிதான் சக்தி கொடுக்கிறது. பிரைமில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு. ஏர்கண்டிஷனரைத் திருப்பி வேலை வாங்குவது போல, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து உள்ளே விடுகிறது. மின்சாரம் மிச்சமாகிறது.

விலை என்ன?

புதிதாக வந்தபோது வோல்ட்டின் விலை சுமார் 33 ஆயிரம் டாலர். பிரைம் சுமார் 27 ஆயிரம் டாலர். அப்போது அமெரிக்க அரசாங்கம் வரிச் சலுகை கொடுத்தது. பாட்டரி பெரிதானால் சலுகையும் பெரிது. வோல்ட்டுக்கு 7,500 டாலர். பிரைமுக்குச் சுமார் 4,500 டாலர். இதனால் 6 ஆயிரம் டாலர் வித்தியாசம் 3 ஆயிரமாகச் சுருங்கியது.

இத்தகைய கார்களுக்கான மத்திய அரசாங்கச் சலுகை 2025-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதியோடு முடிந்துவிட்டது. இனி வாங்குகிறவர் தம் சொந்தக் கணக்கை நம்பித்தான் வாங்க வேண்டும்.

பிளக்கை மறந்தவர்கள்

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு.

ஐரோப்பாவில் 2021-ல் பதிவான கார்களின் உண்மையான ஓட்டத்தை ஐரோப்பியக் கமிஷன் கணக்கெடுத்தது. முடிவை 2024-ம் ஆண்டு மார்ச்சில் வெளியிட்டது. இந்த வகைக் கார்கள் விடும் கரியமில வாயு, சோதனைக்கூடக் கணக்கைப் போல சராசரியாக மூன்றரை மடங்கு இருந்தது!

ஏன்? மக்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பிளக்கைச் செருகவில்லை, மின்சாரத்தில் ஓட்டவில்லை. பிளக் செருகாவிட்டால் இது கனமான பாட்டரியைச் சுமந்து ஓடும் பெட்ரோல் கார்தான். கொடுத்த விலையும் வீண், காற்றும் கெடுகிறது.

தோற்றவர் காட்டிய வழி

வோல்ட் நிலைக்கவில்லை. 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் அதன் உற்பத்தி நின்றது. பிரையஸ் நிலைத்தது. ஆனால், வேடிக்கையைப் பாருங்கள். 2023-ம் ஆண்டு வந்த புதிய பிரைமில் பாட்டரி 13.6 யூனிட்டாகப் பெருத்துவிட்டது. மின்சாரத்தில் 71 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. வோல்ட் அன்று எடுத்துக்காட்டிய பாதையில்தான் இன்று பிரையஸ் நடக்கிறது.

ஆகவே, தினம் 40 கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவருக்கும், அடிக்கடி வெகுதூரம் போகிறவருக்கும் பழைய பிரைம் பொருந்தும். தினம் 40 முதல் 85 கிலோமீட்டர் வரை ஓட்டி, மின்சாரமும் மலிவாகக் கிடைக்கிறவருக்கு வோல்ட் பொருந்தும். எதை வாங்கினாலும், பழைய காரில் பாட்டரியின் பலம் குறைந்திருக்கும். முழுதாக மின்சாரம் ஏற்றி, எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். ஓட்டத்துக்குத் தகுந்த பாட்டரி வேண்டும். இரவில் பிளக் செருக வீட்டில் வசதியும் வேண்டும். தவறாமல் செருகும் பழக்கமும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாதவருக்கு இந்தக் கார் வேண்டாம்.